ஈர்க்குச்சியின் எடை

கடைசி மக்காச்சோள மூட்டையும் தராசை விட்டு இறங்கியதும், கூட்டுறவுச் சங்கத்து எடைக்காரர் மொத்தத்தைச் சத்தமாகப் படித்தார்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதேதான்!

என் வீட்டுக்காரர் தலைத்துண்டை உருவி வானத்தில் வீசினார். அது எடைக்காரர் தலையில் போய் விழுந்தது. பாவம், அந்த மனுஷன் கோபப்படவே இல்லை.

பேங்க் கடன் அடையும். அடைந்து மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தில் என் செவலைப் பசுவை மீட்டுவிடலாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இத்தனை வருஷமும் விதை, உரம் எல்லாம் உரக்கடைக்காரரிடம்தான் கடன். அவர் கடையிலேயே எடை போட்டு அவருக்கே விற்க வேண்டும் என்பது பேச்சு. ஒவ்வொரு அறுப்பிலும் ஐந்தாறு மூட்டைக் காசு பத்தாமல் போகும். பாக்கி மேல் பாக்கி. போன அறுப்பில் அதற்கு ஈடாகச் செவலையை ஓட்டிக்கொண்டு போனார். ஓட்டும்போது அவருக்கே கண் கலங்கியது.

அத்தோடு போதும் என்று இந்த வருஷம் பேங்கில் என் பெயரில் கடன் வாங்கினேன்.

"வேணாம் தங்கச்சி. தவணை தவறினா வாசக்கதவைக்கூடக் கழட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார் கடைக்காரர். அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் நிலம் போச்சு, நிலம் போச்சு என்று என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

இப்போது வாய் மூடவில்லை.

"அதே நிலம், அதே நாப்பது மூட்டை. ஆனா மணி என்ன கனம் பாத்தியா! கடன் குடுத்தா விளைச்சல் கூடும்னு பேங்க்ல சொன்னாங்களே, சும்மா இல்லடி!"

"யாரு பேங்க் வாசல்ல தவம் கிடந்தது? அதைச் சொல்லுங்க முதல்ல."

குஷி தலைக்கேற, செருப்பை உதறிவிட்டு அவரே தராசில் ஏறி நின்றார்.

கடைத் தராசிலும் வருஷா வருஷம் இப்படித்தான் ஏறுவார். ஊரில் அவருக்கு ஈர்க்குச்சி என்று பெயர். கடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, "அம்பத்திரண்டைத் தாண்ட மாட்டியே மாப்ளே! தங்கச்சி சோறு போடுதா இல்லையா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்றிருக்கும். அன்றைக்கு வீட்டில் ஒரு முட்டை கூடுதலாக வேகும்.

இன்று சிவப்பு எழுத்தில் அறுபது என்று எரிந்தது.

"அறுபது! அடியே, அறுபதுடி!"

தராசின் மேலேயே குத்தாட்டம் போட்டார். எண்கள் பதறிப்போய் மேலும் கீழும் ஓடின. பையில் கல் எதுவும் வைத்திருக்கிறாரா என்று தடவிப் பார்த்தேன். இரண்டு சோளமணிதான் இருந்தன. நீயும் ஏறு என்றார். எனக்கென்ன பைத்தியமா?

ஆடிய ஆட்டத்தில் பேண்ட் நழுவியது. மானம் போகிறதே என்று ஓடிப்போய் பெல்ட்டை இறுக்கப் பிடித்தேன். அதே பழைய பெல்ட். போன அறுப்பின்போது இடுப்பில் நிற்கவில்லை என்று நானே ஆணி வைத்துக் குத்திய கடைசி ஓட்டை. அதில் மாட்டியும் இன்னும் தொளதொள என்றுதான் இருந்தது.

மனுஷன் ஒரு கிலோகூட ஏறவில்லை.

சோளமும்தான்.

என் செவலையின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"இறங்காதீங்க" என்றேன். எடைக்காரர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, இவர் எடைக்கும் ஒரு சீட்டு போட்டு, சங்கத்து முத்திரை குத்திக் குடுங்க."

"எதுக்குடி? பிரேம் போட்டு மாட்டப் போறியா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் ஈர்க்குச்சி.

"செருப்பைப் போடுங்க. கடை மூடுறதுக்குள்ள அந்தத் தராசுலயும் ஒரு தடவை ஏறணும். வண்டியில கயிறு கிடக்குது பாருங்க, அதையும் எடுத்துக்குங்க. செவலையை ஓட்டிட்டு வரணும்."