தராசு சாரின் இருபத்தெட்டு

"தராசு பொய் சொல்லலாமாய்யா?"

மளிகைக்காரர் கையைப் பிசைந்தார். "சார், ஒரு சிட்டிகை அளவுதான் சார் வித்தியாசம். நானே கவனிக்கல."

"சிட்டிகையோ மூட்டையோ, பொய் பொய்தான். மூடுய்யா கடையை."

சீல் விழுந்தது. கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் அதிகாரி அவர். ஊர் வைத்த பெயர் தராசு சார். பெற்ற தாயே கடை வைத்திருந்தாலும், எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்.

ஜீப்பில் ஏறியதும் பேச்சு சைக்கிளுக்குத் தாவியது. கொஞ்ச நாளாக எல்லாப் பேச்சும் அங்கே போய்த்தான் முடிகிறது.

"இன்னிக்குக் காலைல இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்துல போனேன்யா."

டிரைவர் பிரேக்கையே போட்டுவிட்டார். "அந்தத் தடி டயர் மலை சைக்கிள்லயா சார்? என் தம்பியும் ஓட்டறான். சமதரையில இருபதைத் தொட்டாலே நாக்குத் தள்ளிடுதுங்கறான். சாதாரண ஆளுங்க பதினைஞ்சு, பதினெட்டு போவாங்க. அவ்வளவுதான் சார்."

"சாதாரண ஆளுங்க!" என்று அழுத்திச் சொன்னார் தராசு சார்.

நெஞ்சுவலி வந்து பிழைத்த பிறகு டாக்டர் அவரைச் சைக்கிள் ஓட்டச் சொன்னார். மெதுவாக ஓட்டச் சொன்னார். முதல் பாதி மட்டும்தான் இவர் காதில் ஏறியது. சைக்கிள் வந்தது. கைப்பிடியில் வேகம் காட்டும் மீட்டர் வந்தது. இருபத்தைந்துக்குக் கீழே போவது தன் பதவிக்கே இழுக்கு என்ற கொள்கையும் கூடவே வந்தது. மனைவி தலைகீழாக நின்று பார்த்தாள். கேட்டால்தானே!

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. பேப்பர் போடும் அம்மா, பின்னால் இரண்டு கட்டுப் பேப்பரோடு, தினமும் இவரை முந்திக்கொண்டு போனாள். போகிற போக்கில் "வணக்கம் சார்" வேறு. இவர் இருபத்தெட்டு என்றால் அந்த அம்மா முப்பத்தைந்தாவது இருக்கும்.

"இந்த ஊர்ல எவ்வளவு திறமை வீணாப் போகுது பாரு," என்று மனைவியிடம் மனம் உருகினார். அவள் அவசரமாகப் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள்.

"நம்பலைன்னா நாளைக்கு ஸ்கூல் வாசலுக்கு வாய்யா," என்றார் டிரைவரிடம். "வண்டிங்க வேகத்தைக் காட்டற போர்டு வெச்சிருக்காங்கல்ல? அதுல பாரு. அது அரசாங்க மெஷின், பொய் சொல்லாது."

மறுநாள் டிரைவர் வந்து நின்றார். தராசு சார் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து வந்தார். மீட்டரில் இருபத்தெட்டு. போர்டில் பதினாலு. கூடவே, மெதுவாகப் போகிறவர்களுக்குக் காட்டும் பச்சைச் சிரிப்பு முகம்.

"சார், போர்டு உங்களைப் பார்த்துச் சிரிக்குது சார்."

திரும்பிப் போய் மறுபடி மிதித்து வந்தார். மறுபடியும் பதினாலு. மறுபடியும் சிரிப்பு. அந்த நேரம் பார்த்துப் பேப்பர் அம்மா கடந்து போனாள். பதினெட்டு.

"வணக்கம் சார்."

தராசு சார் ஓரமாக நின்று மீட்டரைக் கழற்றி நோண்டினார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகக் கொடுத்தால்தான் அது வேகத்தைச் சரியாகக் கணக்குப் போடும். அந்த அளவை யாரோ இரண்டு மடங்காக்கி வைத்திருந்தார்கள். நிஜமாகவே அவ்வளவு பெரிய சக்கரம் இருந்தால், ஏணி வைத்துத்தான் சீட்டில் ஏற வேண்டும்.

வீட்டுக்கு வந்து மீட்டரை மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"இதுல யார் கை வெச்சது?"

"நான்தான்," என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

"கட்டின புருஷனையே ஏமாத்தறியா?"

"டாக்டர் பதினைஞ்சைத் தாண்டக் கூடாதுங்கறார். நீங்க இருபத்தஞ்சுக்குக் கீழே இறங்க மாட்டேங்கறீங்க. நான் யார் பேச்சைத் தட்டறது? ரெண்டு பேருக்கும் கேட்டதைக் குடுத்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல நீங்க கிடந்த கிடையை நான்தானேங்க பார்த்தேன்?"

அவருக்கு உள்ளே என்னவோ இளகிவிட்டது. ஆனால் அதிகாரி லேசில் விடுவாரா?

"காரணம் கடைக்காரனும்தான் சொல்றான். பொய் பொய்தான்! இனிமே இந்த வீட்டுல தப்பாக் காட்டற மெஷின் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எல்லாத்தையும் சோதிக்கணும்!"

"ஓ, தாராளமா!"

உள்ளே போனவள், தினமும் காலையில் தான் ஏறி நின்று பார்க்கும் எடை மெஷினைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"முதல்ல இதைச் சோதிங்க. வயிறாரச் சாப்பிடறேன், ஒரு வருஷமா அதே அறுபத்திரண்டு. இந்த வீட்டுல உண்மை பேசற மெஷின் இது ஒண்ணுதான். நீங்களே முத்திரை குத்துங்க."

தராசு சார் மெஷினைக் காலால் மெல்ல ஓரமாகத் தள்ளினார்.

"அது... அது எதுக்கும்மா? அது சரியாத்தான் இருக்கு," என்றவர் மீட்டரை எடுத்து, அளவைத் திருத்தாமல், அப்படியே சைக்கிளில் மாட்டப் போனார்.

போன வருஷம், இளைக்கிறேன் பேர்வழி என்று பட்டினி கிடந்து அவள் சமையலறையில் மயங்கி விழுந்தாளே, அன்றிலிருந்து அவள் எடை ஏற ஏற, அந்த மெஷினின் அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் திருகி வருவது அவர்தான்.