கைக்குள் ஒரு சுருள்வில்

உச்சி வெயில் இறங்கும் முற்றத்தில் மயில்சாமி கைத்துப்பாக்கியைக் கழற்றி, விளக்கெண்ணெய் பூசிப் பூட்டுகிறான். கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் அவன் சுடக் கிளம்புவது பெண்டாட்டி சென்னியம்மாளின் அண்ணன் செங்கோடனை. மயில்சாமி துடைக்கும்போதே சென்னியம்மாள் எடுத்து மறைத்த விசைச் சுருள்வில் அவள் கைக்குள் வியர்க்கிறது. பூட்டியதைக் காதருகே ஆட்டுகிறான். பிடிமானமில்லாத இரும்பு உள்ளே சலசலக்கிறது. “ஏம்புள்ள, உள்ள என்னமோ ஆடுது?” “எண்ணெ பத்தலையாட்ட இருக்குதுங்க.” கதவு உதைபட்டுத் திறக்கிறது. செங்கோடன் நிற்கிறான். அவன் அரிவாளில் மயில்சாமியின் கிணற்றில் கவலை இறைக்கும் மாட்டின் ரத்தம் சொட்டுகிறது. மயில்சாமி அவன் நெஞ்சுக்குக் குறிவைத்து விசையை இழுக்கிறான். அது தொளதொளவென்று பின்னே போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அரிவாள் உயர்கிறது. “வேண்டாமுங்கண்ணா!” என்று சென்னியம்மாள் இரு கையும் விரித்துப் பாய்கிறாள். சுருள்வில் கல்லில் விழுந்து துள்ளுகிறது. தன் கழுத்துக்கு மேலே நிற்கும் அரிவாளை விட்டுவிட்டு மயில்சாமி அதையே பார்க்கிறான்.