வெற்றுக்கல்

"கையை நீட்டு. ரெண்டு கையும்."

நீட்டினாள். விரல்களில் மோதிரம் இல்லை. தங்கம் தேடும் முகாமின் மேலாளர் அவள் கழுத்தையும் காதையும் உற்றுப் பார்த்தார். பிளாஸ்டிக் கம்மல்.

"அன்னிக்கும் நகை போடலையா?"

"வேலைக்குப் போட்டுட்டு வர்றதே இல்ல சார். உரசினா சாம்பிள் கெட்டுடும்னு தெரியும்."

துளையிட்டு எடுத்த பாறையைப் பொடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய, இடையிடையே தங்கமே இல்லாத சாதாரண ஜல்லியையும் பொடித்து வைப்பார்கள். அதற்குப் பெயர் வெற்றுக்கல். இந்த முறை மலையில் எடுத்த பாறை எதிலும் தங்கம் இல்லை. வெற்றுக்கல்லில் இருந்தது.

"ஒண்ணு, உன் கவனக்குறைவு. இல்ல, கல்லுலயே தங்கம். கவனக்குறைவுன்னா இன்னியோட வீட்டுக்குப் போ."

வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

"என் மேல தப்பில்ல சார். சத்தியமா."

மேலாளர் அந்த வெற்றுக்கல்லின் மீதித் துண்டை அவள் பக்கம் தள்ளினார். "அப்போ பார்த்துச் சொல்லு. படிச்ச பொண்ணு நீதானே."

முகாமில் ஜல்லி தீர்ந்திருந்த நாள் அது. அவசரத்தில், சேறு அப்பிய இந்தக் கல்லைத்தான் உடைத்திருந்தாள். இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தாள். களிமண் படிந்து இறுகிய பாறை. அழுந்தி நசுங்கி, ஏடு ஏடாகத் திருகியிருந்தது. இடுக்குகளில் என்றோ வெந்நீர் ஓடி வெளுத்த தடம். ஆறு மாதமாகத் தேடிய கல்.

மேலாளர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"எங்க எடுத்த? நாளைக்கே மெஷினை அங்க இறக்கிடறேன்."

"அங்க... வீடு இருந்தா சார்?"

"ஒரு தெருவையே காலி பண்ணினோமே, பார்க்கலையா? ஒரு வீடு எந்த மூலைக்கு?"

லென்ஸை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"சார்... அன்னிக்கு அம்மாவோட மோதிரம் போட்டிருந்தேன். பயத்துல பொய் சொல்லிட்டேன். கல்லு ரோட்டோரம் கிடந்தது."

"அடிப்பாவி! ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. எழுந்து போ!"

கல் குப்பைக்கூடையில் விழுந்தது.

மத்தியானமே வீடு திரும்பி, வாசல் கதவைத் தாழிட்டாள். கொல்லையில் கிணறு தோண்டிக்கொண்டிருந்த அப்பா, கடப்பாரையை ஊன்றிச் சிரித்தார்.

"வாம்மா! அன்னிக்கு இங்கேர்ந்து ஒரு கல்லு எடுத்துட்டுப் போனியே, தோண்டத் தோண்ட அதேதான் வருது. முகாம்ல ஜல்லி தீர்ந்துபோச்சுன்னு சொன்னல்ல? காலையிலதான் ஒரு வண்டி ஏத்தி அங்க அனுப்பி வச்சேன்."