குணமான கை

"வேலைய மட்டும் வுடச் சொல்லாதீங்க மேடம். வேற இன்னா சொன்னாலும் செய்றேன்."

சுந்தரி இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். தோல் பாளம் பாளமாக வெடித்து, விரலிடுக்கெல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. கொஞ்ச வருஷமாகப் பேக்கிங்கில் இருந்தவளை இந்தப் பொங்கல் கழிந்து பேஸ்டிங்குக்கு மாற்றியிருந்தார்கள். நாள் முழுக்கப் பசை தடவி அடிப்பாகத்தை ஒட்ட வேண்டும்.

ஆலங்காயம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்த எப்சிக்கு முதல் சந்தேகம் அந்தப் பசைமேல்தான். கையுறை போடச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது. களிம்பு கொடுத்தாள், வேலூருக்கு அனுப்பி தோல் டாக்டரிடம் காட்ட வைத்தாள். எதற்கும் அடங்கவில்லை. திரும்பப் பேக்கிங்குக்கே மாற்றச் சொல்லிக் கேட்கலாமே என்றாள். சுந்தரி கேட்டுப் பார்த்துவிட்டாளாம். ஒட்ட முடியாவிட்டால் நின்றுகொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லாத வீடு, படிக்கிற இரண்டு பெண்கள். எங்கிருந்து நிற்பது?

அன்று மதியம் கூட்டம் குறைந்ததும் எப்சி போனில் தேட ஆரம்பித்தாள். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையின் சுருக்கம் கண்ணில் பட்டது. காலணித் தொழிலாளியான ஒரு பெண். அதே வெடிப்பு, அதே கொப்புளம். களிம்புக்கு அடங்காதது மாத்திரைக்கு அடங்கி, கை முழுக்கக் குணமாகியிருந்தது. கடைசி வரியைப் படித்ததும் எப்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'நோயாளி அதே வேலையில் நீடிக்கிறார்.'

அப்படியென்றால் பசை காரணமில்லையா? எந்த மாத்திரை, எவ்வளவு காலம்? அதெல்லாம் கட்டுரைக்குள் இருந்தது. கட்டுரையோ பூட்டிக் கிடந்தது. திறந்து படிக்க டாலரில் கேட்டதைப் பார்த்து எப்சி பக்கத்தை மூடினாள். ஆனால் மனசு அங்கேயே நின்றது.

எழுதியவர்கள் பெங்களூர் டாக்டர்கள். காலையில் ஆம்பூரில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அவர்களுக்கு மெயில் போட்டாள். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எழுதிய டாக்டர் வேலை மாறிப் போய்விட்டார் என்றார்கள். தெரிந்த ஒரு கல்லூரி நூலகத்தில் விசாரித்தாள். அந்தப் பத்திரிகைக்கு அவர்கள் சந்தா கட்டுவதில்லை. கடைசியில் கூடப் படித்த தபரேஸ் ஞாபகத்துக்கு வந்தான். இப்போது இங்கிலாந்தில் டாக்டர். வாட்ஸ்அப்பில் கேட்டாள், டீ ஆறுவதற்குள் கட்டுரை வந்து விழுந்தது. பெங்களூரில் எழுதினதைப் படிக்க லண்டன் வரைக்கும் வரணுமா என்று கேலி செய்திருந்தான். தன் ஆஸ்பத்திரியிலும் இதைப் பார்த்துத்தான் இப்போது அந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தான்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே படித்து முடித்தாள். ராத்திரி சமைக்கும்போதும் அந்தப் பெண்ணின் நினைப்புதான். பேரோ ஊரோ போடமாட்டார்கள், இருப்பது ஒரு கையின் படம் மட்டும். யார் இவள்? இப்போது எங்கே, எந்தக் கம்பெனியில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள்? அவளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டால் தேவலை போலிருந்தது.

அடுத்த வாரம் சுந்தரி வந்ததுமே எப்சி மாத்திரைச் சீட்டை எழுதத் தொடங்கினாள். அவளுக்கும் நம்பிக்கை வரட்டும் என்று போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். "பாருங்க, உங்கள மாதிரியே ஒருத்தங்க. வேலையும் விடல, கையும் முழுசா ஆறிடுச்சு."

சுந்தரி விரல் முட்டியால் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அவள் பார்த்தது கையை அல்ல. கைக்கு அடியில் விரித்திருந்த துணியை. கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் மஞ்சள் கட்டம்.

"இது என் முந்தானை மேடம். மேசை ஜில்லுனு இருந்துச்சுன்னு நான்தான் விரிச்சுக்கினேன்."

எப்சியின் பேனா நின்றது.

சில வருஷம் முன்பு, பேக்கிங்குக்குப் போவதற்கு முன்னால் பேஸ்டிங்கில் இருந்தபோது, தங்கச்சி வீட்டுக்குப் பெங்களூர் போன இடத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கையைக் காட்டினாளாம். போட்டோ எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது. கை ஆறிவிட்டதா என்று கேட்டார்கள், ஆறிவிட்டது என்றாள். வேலையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார்கள், விடவில்லை என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள்.

எப்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகமெல்லாம் தேடிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "அப்ப இந்த மாத்திரை உங்களுக்கு ஏற்கெனவே கேட்டிருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே சுந்தரி?"

"மாத்திரையா? அத ஒரு வேளதான் போட்டேன், தல சுத்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் சுந்தரி. "கை தன்னால ஆறிச்சு மேடம். அப்பத்தான் லாக்டவுன்னு கம்பெனியையே மூடிட்டாங்களே."