மூன்றாவது ஸ்பீக்கர்

புது டிவியைப் பழைய சவுண்ட் ரிசீவரோடு இணைத்தாயிற்று. ஸ்பீக்கர்களின் தூரத்தை அளக்கும் மைக்கை எல்தோ மனைவியிடம் கொடுத்தான். சுவரோடு ஒட்டிய சோஃபாவில் உட்கார்ந்து, ஜின்ஸி அதைக் காதருகே பிடித்தாள். எதிரிலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் ஒவ்வொன்றாக இரைந்து அடங்கின. திரையில் மூன்று தூரங்கள் வந்தன. மூன்றாவது, பின்னால் நான்கு மீட்டர்.

"பின்னால ஸ்பீக்கர் ஏது, இச்சாயா? சுவருக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம்தானே," என்று கணவனைக் கேட்டாள்.

"கெழட்டு ரிசீவர், உளறுது. மறுபடி பிடி."

பின்னால் இரண்டு மீட்டர் என்று வந்தது.

"பேசாம உக்காருடி. உன் சத்தத்தையும் சேத்து அளக்குது."

"நான் வாயையே தொறக்கலை."

அடுத்த முறை முப்பது சென்டிமீட்டர். எல்தோ பிளக்கைப் பிடுங்கினான்.

ஜின்ஸி பின்னால் திரும்பவில்லை. "நிறுத்திட்டீங்களா, இச்சாயா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கு இன்னும் இரைச்சல் கேக்குது."