இரண்டாம் வரிசை, மூன்றாவது கார்டு

அந்தப் பேனா சிவப்பா நீலமா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. தாளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் பார்ப்பதில்லை.

அவள் என் மேசைக்கு எதிரில் நின்றபடியே தாளைப் படித்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

கோபி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை. விசிட்டிங் கார்டுகளை வடிவமைத்து வெள்ளிக்கிழமைதோறும் சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்புவேன். அதற்கு முன்பு திருத்தம் பார்க்க ஒரு தாள் கொடுப்பேன். வீணாகக் கூடாதென்று ஒன்பது பேருடைய கார்டுகளை ஒரே தாளில் அடிப்பது அப்போது என் வழக்கம். அவரவர் தங்களுடையதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அவளுடையது முதல் கார்டு.

'இழை ஆரி ஒர்க்ஸ்.' ரவிக்கைகளுக்கு ஆரி வேலை. ஆறு வருடமாக இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தினார்கள். தைப்பவள் இவள். வருகிறவர்களிடம் பேசுபவள் பூங்கொடி.

எந்தப் பெயர் மேலே வரவேண்டும் என்று கேட்டிருந்தேன்.

"பூங்கொடி பேரு மேல வரட்டுங்ணா. என் பேரு சின்னதா இருந்தாப் போதும். எனக்கெங்க பேச வருது."

ஊசியும் நூலுமாக ஒரு வளைவு. அதை அவளே தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். கார்டின் பின்பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னதும் அவள்தான். ரவிக்கை கிடைக்கும் தேதியை அதில் எழுதிக் கொடுத்தால் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள் என்றாள். இருபது வருடத்தில் எனக்குத் தோன்றாதது.

தன் கார்டைப் படித்து முடித்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு கண் கீழே இறங்கியது.

இரண்டாம் வரிசை, மூன்றாவது கார்டு.

அதே ஊசி. அதே வளைவு. வேறு தெரு.

அதில் ஒரே ஒரு பெயர்தான். பூங்கொடி.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அவள் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

"எப்பக் குடுத்தா?"

"செவ்வாக்கிழமைங்க."

அவள் காலண்டர் தாளோடு வந்ததற்கு மறுநாள்.

இதே மேசையில் கையூன்றிக்கொண்டு பூங்கொடி சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. "படம் கம்ப்யூட்டர்ல இருக்குதல்லங்ணா, அதையே போட்டுருங்க. அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

போட்டேன். சொல்லவில்லை.

அவள் பேனா கேட்டாள். கொடுத்தேன். தாளைக் கிழித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது அழுவாள் என்று.

பூங்கொடியின் கார்டில் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. என் பிழை. பூங்கொடி அதை வாட்ஸப்பில் பார்த்து ஓகே சொல்லியிருந்தாள். சொந்த எண்ணை யாரும் கூர்ந்து படிப்பதில்லை.

ஆறு வருடம் தினமும் அந்த எண்ணை அழைத்தவளுக்குக் கண்ணில் பட்டது.

அடித்துவிட்டு மேலே சரியான எண்ணை எழுதினாள். நிதானமாக. ஒவ்வொரு இலக்கமாக.

பிறகு தன் கார்டின் குறுக்கே ஒரு கோடு.

தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை எட்டுக் கார்டுகளை அனுப்பினேன். அவள் எழுதிய திருத்தத்தைப் போடவில்லை. மறதி என்று சொல்லலாம். அவளுக்காகச் செய்கிறேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

பூங்கொடியின் ஆயிரம் கார்டுகளும் தப்பான எண்ணோடு வந்தன. பாதிக்குமேல் கொடுத்து முடித்த பிறகுதான் பூங்கொடிக்குத் தெரிந்தது. மீதியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்ன அவ இதப் பாத்தாளா?"

"பாத்தாங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் இல்லை.

பூங்கொடியின் முகத்தில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

"தெரிஞ்சே உட்டுட்டா பாருங்க" என்றாள்.

மேசையின் கீழ் இழுப்பறையில் அவள் திருத்திய அந்தத் தாள் இருந்தது. என் முழங்கால் அதன் கைப்பிடியில் இடித்துக்கொண்டிருந்தது.

நான் திறக்கவில்லை.

பூங்கொடி புதுத் தெருவில் ஏழு பெண்களை வைத்துக் கடை நடத்துகிறாள். தெரிஞ்சே உட்டுட்டா என்று இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறாள். இவள் பவானியில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு ஒரு ஜவுளிக்கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குக் கார்டு கிடையாது. நான் இப்போது தாளுக்கு ஒரு கார்டுதான் அடிக்கிறேன்.