சாரம் பிரிக்கும் நாள்

மகள் செவ்வந்தியின் நொறுங்கிய காலுக்குள் வைக்கப்போகும் சாரம் கரைந்துவிடும் என்று மருத்துவமனை ஆய்வகத்து நசீமா சொன்னதும், கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் மாசிலாமணி குறுக்கிட்டார்.

“கரைஞ்சிட்டா எம் பொண்ணு எதுல நிப்பா, மேடம்?”

நசீமா சிரித்தாள். “அவளோட ஸ்டெம் செல்லு அதைப் பிடிச்சுக்கிட்டு எலும்பா வளர்ந்துடும்ணே. முன்னாடி சோதிச்சதெல்லாம் அவசரப்பட்டுக் கரைஞ்சிடுச்சு. இது எலும்பு வளர்ற வரைக்கும் தாங்குது. பூச்சு வேலை முடிஞ்சா நீங்களும் சாரத்தைப் பிரிச்சிடுவீங்கல்ல?”

அறுவை சிகிச்சை முடிந்து மழைக்காலமும் போனது. ஸ்கேனில் சாரத்தைக் காணோம். எலும்பு மட்டுமே இருந்தது. செவ்வந்தி எழுந்து நின்றாள். எத்தனையோ மாடிகளைச் சாரமில்லாமல் நிற்கவிட்டு வந்த மாசிலாமணிக்கு, அவளைத் தாங்கியிருந்த கையை எடுக்க மட்டும் மனம் வரவில்லை.

“இன்னும் ஒரு சாரம் பாக்கி இருக்குப்பா,” என்றாள் அவள். “பிரிச்சிடுங்க.”